அந்த முள்ளை அனுப்பியது யார்?

மின்சாரம் தாக்கி என் மகன் சந்திரன் சிரம்பான் மருத்துவமனையில் மூச்சுக் குழாயோடு கிடந்தான். அவனோடு சேர்ந்து குலை வெட்டும் கோலைப் பிடித்திருந்த குமரேசனின் உடலை, அதே கட்டடத்தின் பின்வாசல் வழியாக அவன் தாய் அஞ்சலை வாங்கிக்கொண்டு போனாள். இருவரும் தோட்டத்தின் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்த பிள்ளைகள். என் மனைவியும் அஞ்சலையும், பிள்ளைகளைக் காத்தருள் என்று ஆண்டுதோறும் ஒரே அம்மன் முன் மாவிளக்கு ஏற்றியவர்கள். ஒருத்திக்குக் கிடைத்தது. ஒருத்திக்குக் கிடைக்கவில்லை. அடியார் பெருமக்களே, என் சாட்சியை இந்த இடத்திலிருந்துதான் என்னால் தொடங்க முடிகிறது.

நாங்கள் இருப்பது ரெம்பாவுக்கு அருகே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். குலை வெட்டும் வேலையில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளைகள். நம்மவரில் எஞ்சியிருந்தவர்கள் இந்த இருவரே. சென்ற திருவிழாவில் தீமிதிக்க இருவரும் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை காலில் எதையும் அணிவதில்லை என்பது எங்கள் கோயில் வழக்கம். வேலைக்காட்டிலும் வெறுங்கால்தான்.

சந்திரனின் பாதத்தில் செம்பனை முள் தைத்துச் சீழ் கட்டியிருந்தது. விபத்து நடந்த அன்று விடியலில் காலை ஊன்றவே முடியவில்லை. விரதத்தை மீறி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அழைத்துப்போக வந்த குமரேசன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“என்னடா மச்சான், ஆத்தாளுக்கே டிமிக்கியா? தீயில எறங்குறப்பவும் பூட்ஸ் போட்டுக்குவியா?”

“கால் வீங்கிக் கெடக்குடா. வேணும்னா எனக்கும் சேத்து நீ நட லா.”

“நடந்துட்டாப் போச்சு. புண்ணியம் எனக்கு டபுள். வா, வா, லோரி போயிரும்.”

முந்தைய இரவு பெய்த மழையில் நிலம் ஊறிக் கிடந்தது. தோட்டத்து எல்லையில் ஓர் உயர்ந்த மரம். அரிவாள் கட்டிய நீண்ட அலுமினியக் கோலை இருவருமாகச் சேர்ந்து நிமிர்த்தியிருக்கிறார்கள். கோல் சாய்ந்து, மேலே சென்ற மின்கம்பியில் பட்டது. குமரேசன் அங்கேயே முடிந்தான்.

என் நாவு இளமை தொட்டுப் பதிகங்களில் பழகியது. தோட்டத்தில் பிறப்புக்கும் இறப்புக்கும் ஓத என்னைத்தான் அழைப்பார்கள். நஞ்சு தீர ஒன்று, நோய் நீங்க ஒன்று, பயம் அகல ஒன்று என அறிந்தவை அனைத்தையும் மகனின் கட்டிலருகே ஓதினேன். சில நாள்களில் அவன் கண் திறந்தான். அங்கே மருத்துவராக இருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, “பூட்ஸ் போட்டிருந்ததாலதான் இந்த அளவோட போச்சுங்க ஐயா. ரொம்ப லக்கி,” என்றாள். அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. என் தாய் செவிசாய்த்துவிட்டாள் என்று அந்தத் தாழ்வாரத்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

வெள்ளிக்கிழமைப் பூசையில் கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். “ஆத்தா தச்ச முள்ளுய்யா அது! முள்ளக் குடுத்து உயிரக் காத்தா பாத்தியா!” கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் நெஞ்சு விம்மக் கைகூப்பினேன்.

வேலிக்கு அப்பால் ஒரு குரல் எழுந்தது. தீட்டு உள்ளவள் என்பதால் உள்ளே வராமல் நின்ற அஞ்சலை.

“காடு பூரா முள்ளுதான கெடக்கு. எம்புள்ள காலுக்கு ஒண்ணு அவகிட்ட இல்லாமப் போச்சா?”

கைதட்டல் நின்றது. நான் கற்ற இத்தனை ஆயிரம் அடிகளுள் அவளுக்குக் கொடுக்க எனக்கு ஓரடி கிடைக்கவில்லை. அவள் திரும்பி நடந்தாள். அதன்பின் எங்கள் வாசலையும் மிதிக்கவில்லை.

சந்திரன் வீடு வந்தான். இரு கைகளிலும் கட்டு. உயிரோடு வந்தானே தவிர, வாழ வரவில்லை. சோற்றைக் கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பேச்சு அற்றுப்போயிற்று. ஒருநாள் மட்டும், கூரையைப் பார்த்தபடி என்னிடம் கேட்டான்: “வாக்க மீறினவன் நான்ப்பா. வாக்கக் காப்பாத்துனவன் அவன். உங்க சாமி யாரப் பாத்து எடுத்துச்சு?”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவனைத் தனியே விட அஞ்சி, நானும் என் மனைவியும் முறைவைத்து உடனிருந்தோம். உடல் நாளுக்கு நாள் வற்றியது. அருந்தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை. மருத்துவமனையில் போகாத உயிர் எங்கள் கண்ணெதிரே வீட்டில் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை கோயிலுக்குச் சென்றேன். ஓத வாய் வரவில்லை. பண்ணும் தாளமும் எல்லாம் பொய்யாய்ப் பட்டன. “தாயே, உயிரைக் கேட்டேன், தந்தாய். அதை வைத்துக்கொண்டு வாழும் மனத்தைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. ஒரு பிடி சோறு அவன் வாயில் போகட்டும்,” என்றேன். பாட்டாக இல்லாமல் நான் அவளிடம் பேசியது அதுவே முதல் முறை.

அன்று பிற்பகல் அஞ்சலை வந்தாள்.

கேட்காமலே உள்ளே வந்தாள். அடுக்களைக்குப் போய்த் தட்டில் சோறும் ரசமும் போட்டுக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். என் மனைவி பயந்துபோய்க் கதவோரம் நின்றாள்.

“சாப்புட மாட்டேங்கிறியாமே. என்னடா சந்திரா, பெரிய பட்டினி விரதமா?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “அத்த, என்ன மன்னிச்சிருங்க.”

“எதுக்குடா? நீயா அவனக் கொன்ன? அந்த ஆத்தாகூட நான் பேசுறதில்ல. அது வேற சண்ட. உங்கூட எனக்கு என்னா சண்ட?” சோற்றைப் பிசைந்தாள். “இங்க பாரு. கடேசியா அவங்கூட இருந்தவன் நீ ஒருத்தன். நீயும் போயிட்டா அவன் அன்னிக்கி என்னா பேசுனான், என்னா சாப்புட்டான்னு நான் யாருகிட்டடா கேப்பேன்? வாயத் தொற. தின்னுட்டுச் சொல்லு. எல்லாத்தயும் சொல்லு.”

ஒரு வாய் வாங்கினான். பிறகு சொல்லத் தொடங்கினான். வழியில் குமரேசன் பாடிய பாட்டு, மேற்பார்வை பார்க்கும் மண்டோரைக் கிண்டல் செய்தது, பகல் உணவுக்கு வைத்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை லோரியில் ஏறியதுமே பிரித்துத் தின்றது. அஞ்சலை இடையிடையே, “தீனிப்பண்டாரம் லா அவன்,” என்று சிரித்தாள். சிரித்த வாயோடே அழுதாள். தட்டு காலியாகும்வரை இருவரும் நிறுத்தவில்லை.

வாசலில் அவளை மறித்து, “தங்கச்சி, யார் சொல்லி வந்தே?” என்றேன்.

“யாரும் சொல்லலண்ணே. வரணும்னு தோணுச்சு, வந்தேன். சாமி அனுப்புச்சுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத. மறுபடி வரமாட்டேன்.”

அவளிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். பூட்ஸ் போட்டவன் பிழைத்தான், போடாதவன் இறந்தான் என்பதை அதிர்ஷ்டம் என்று எவரேனும் சொன்னால் நான் வாதிட மாட்டேன். அதை அருள் என்று முழங்கும் துணிவு இன்று எனக்கு இல்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, பிழைத்த பிள்ளைக்குச் சோறூட்ட வந்தாளே, அதை அதிர்ஷ்டம் என்று எண்ண என் அறிவு ஒப்பவில்லை. கல் கரைந்த அற்புதம் அது. காலையில் கேட்டேன், பிற்பகலில் பெற்றேன். அம்மையின் அருளன்றி வேறு பெயர் அதற்கு எனக்குத் தெரியாது.

சந்திரன் இப்போது சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். கைவிரல்கள் முழுதாக மடங்குவதில்லை. ஞாயிறுதோறும் அஞ்சலை வீட்டுக்குப் போய்வருகிறான். காப்புக் கட்டுவோர் வேலை நேரத்தில் காலுக்குப் பாதுகாப்பு அணிய வேண்டும் என்று எங்கள் கோயிலில் முடிவு செய்திருக்கிறோம். அஞ்சலை இன்றுவரை கோயில் பக்கம் திரும்பவில்லை. திரும்பு என்று நான் சொல்வதும் இல்லை. அவள் பெயருக்கும் சேர்த்து நான் நின்று அழுதுவிட்டு வருகிறேன்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “எழுதிக்கண்ணே. ஆனா எறந்தவன்னு மட்டும் போட்டு விட்டுறாத. குமரேசன்னு பேரப் போடு,” என்றாள்.

அன்பர்களே, துன்பம் சூழும்போது அஞ்சாமல் அவளிடம் கேளுங்கள். பாடத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். கேட்டது கிடைத்தால் உள்ளம் உருக நன்றி சொல்லுங்கள். ஆனால், கேட்டும் கிடைக்காதவர் ஒருவர் அருகில் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு, மெல்லச் சொல்லுங்கள்.