குடத்தில் ஊற்றிய மருந்து

கொரோனா இரண்டாம் அலை வந்தபோது எங்கள் வீட்டு டிவிக்கு ஓய்வே கிடையாது. ஆடு, மாடு, கோழிக்குக் கொடுக்கிற குடற்பூச்சி மருந்து இந்த நோய்க்கும் கேட்கும் என்று ஒரு டாக்டர் சொல்வார். கேட்கவே கேட்காது, வீணாக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பார் இன்னொருவர். இருவரையும் பேசவிடாமல் நடுவில் இருப்பவரே பேசி முடித்துவிடுவார்.

மற்றவர்களுக்கு அது வெறும் வாய்ச்சண்டை. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் எங்களுக்கோ அந்த மருந்து அலமாரியிலேயே இருந்தது. பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் 'கேட்கும்' கட்சி. நான் எந்தக் கட்சியும் இல்லை. மூன்று வேளையும் சமைக்கிறவளுக்குக் கட்சி கட்ட நேரம் ஏது?

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம் முடிந்திருந்தது. வாசலைத் தாண்டவிடாமல் அவளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அப்போதுதான் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நோய் வந்தது.

பண்ணையில் ஒவ்வொரு கோழியாகப் பிடித்து யாரும் மருந்து புகட்டுவதில்லை. ஒன்றிரண்டு தலை தொங்கினாலே போதும், தண்ணீர்த் தொட்டியில் கலந்துவிட்டால் கொட்டகை முழுக்கக் குடித்துவிடும். காலமெல்லாம் அப்படியே பழகிய மனுஷருக்கு வீடும் ஒரு கொட்டகையாகத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஒரு நாள் காலைக் காபி ஒரு மாதிரி கசந்தது. நான் பால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பால்காரன ஏன் வையற? நாந்தான் குடத்துல மருந்து கலந்துருக்கறேன். இனி நம்மூட்டுக்கு ஒண்ணும் வராது."

குழுவிலும் அதற்குள் பெருமையாகப் போட்டுவிட்டாராம். மகள் எழுந்ததும் அந்தக் குடத்தில் மொண்டுதான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்திருந்தாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது. அவள் மட்டும் கத்தவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்பா, மருந்து குடுத்தா எத்தன நாளைக்கு முட்டய விக்க மாட்டீங்க?"

மருந்தின் வீரியம் முட்டையிலும் இறங்கும் என்பதால், அது வடிகிற வரைக்கும் முட்டையை விற்கக் கூடாது. அந்த விஷயத்தில் இவர் அரிச்சந்திரன். யாராவது அவசரப்பட்டு விற்றால் அவர்களோடு பேச்சையே நிறுத்திவிடுவார்.

"அது வேற, சாமி. இது கணக்குப் பண்ணி, கொஞ்சூண்டுதான்..."

"என்ற வயித்துல இருக்கறதுக்கு எத்தன நாளுங்கப்பா?"

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் சாக்கடையில் கவிழ்த்தார். தண்ணீர் மொத்தமும் போன பிறகும் குடத்தைப் பிடித்தபடியே நின்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருந்தது. ஒரு சொம்பு தண்ணீரில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அந்தப் 'பார்க்கலாம்' எங்கள் வீட்டிலேயே குடிவந்துவிட்டது. இவர் டிவி போடுவதை நிறுத்தினார். மகளைக் காணும்போதெல்லாம், "புள்ள அசையுதா சாமி?" என்பார். எனக்குக் கோபம் ஆறவே இல்லை. அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பேத்தி பிறந்தாள். குறை ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சொன்னபோது இவர் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கோபம் பாதி அங்கேயே கரைந்தது.

செய்தி போனதும் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. கூடவே 'கேட்கும்' கட்சிக்காரர் ஒருவர் எழுதினார்: குடும்பமே குடித்தது, ஒருவருக்கும் நோய் வரவில்லை, குழந்தையும் தங்கமாகப் பிறந்திருக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆளாளுக்குக் கைதட்டுகிற படம் போட்டார்கள்.

இவர் அதைப் படித்துவிட்டு ஃபோனை வாயருகே வைத்துப் பேசி அனுப்பினார்.

"எங்களுக்கு வரலைங்க, அவ்வளவுதானுங்க. மருந்து கேட்டுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாமத்தான் என்ற புள்ளைக்கு ஊத்துனேன்."