வரிசையின் கடைசியில் நின்றவள்

பிற்பகல் மூன்று பத்துக்கு என் தங்கையை யாரோ பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

"உங்கம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களே," என்றார் ஒன்றாம் வகுப்பு டீச்சர், பள்ளி விட்டதும் அவளைத் தேடிப் போன என்னிடம். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் புது டீச்சர். எண்பதுகளின் தொடக்கம், நான் ஐந்தாம் வகுப்பு. நம்பித்தான் வீட்டுக்கு நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. செட்டிகுளத்துப் பக்கம் வெங்காயம் பிடுங்கப் போன அம்மா, பொழுது சாயும்போது தனியாகத் திரும்பினாள்.

டீச்சரைச் சொல்லி என்ன? அவர் அம்மாவின் முகத்தையே பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பெற்றவர்கள் பள்ளிக்கூடத்துப் படி ஏறுவதில்லை. சேர்க்கிற அன்று அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று, "இனி இது உங்க புள்ள சார்" என்று பெரிய சாரிடம் சொன்னதோடு சரி. அதைத்தான் மரியாதை என்று நினைத்திருந்தார்கள்.

நாங்கள் மூவரும் தேடிப் போனதில் அப்பாதான் தங்கையைக் கண்டுபிடித்தார். ஊருக்கு வெளியே, யாரும் தண்ணீர் இறைக்காத கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலையில் பரட்டைத் தலையோடு போனவளுக்கு எண்ணெய் வழிய வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, கனகாம்பரம் வைத்திருந்தது. அவள் அழவேயில்லை.

"ஒரு பெரியம்மா பின்னி விட்டுச்சு. இங்கயே இரு, அக்கா இப்ப மேல ஏறி வந்துடும், ரெண்டு பேரும் வெளயாடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

அக்கா நான்தானே, நான் மேலேதானே நிற்கிறேன் என்று குழம்பிக் கிணற்றை எட்டிப் பார்க்கப் போனேன். அம்மா என்னைப் பின்னால் இழுத்தாள். தங்கையின் தலையிலிருந்த பூவை அவள் தொடவில்லை.

கூட்டிப் போனவளை டீச்சர் அடையாளம் காட்ட, அம்மாக்கள் எல்லோரும் பள்ளிக்கு வர வேண்டும் என்று அன்றிரவே தண்டோரா போட்டார்கள். மறுநாள் காலை அம்மாக்கள் முதல்முறையாகப் பள்ளி முற்றத்தில் வரிசையாக நின்றார்கள், ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்குப் பின்னால். டீச்சர் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இப்படி உத்துப் பாக்கலங்க டீச்சர்," என்றாள் ஒருத்தி. சிரிப்பு வரிசை நெடுக ஓடி, கடைசியில் சட்டென்று நின்றது.

எங்களுக்கு அடுத்து ஒருத்தி வந்து நின்றிருந்தாள். கையில் சீப்பு. முன்னால் பிள்ளை இல்லை. தங்கை அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அய்யோ, போன ஐப்பசியில இவ புள்ளதானே அந்தக் கெணத்துல போச்சு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அம்மா அவளை அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அம்மாவோ எங்களையும் இழுத்துக்கொண்டு சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் என் கண் முதலில் கடைசி நாற்காலியைத்தான் தேடுகிறது.

டீச்சர் அவள் முன்னால் வந்து நின்றார்.

"நேத்து வந்தேனே டீச்சர், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்றாள் அவள். "எம் புள்ளையக் கூப்புடுங்க. தல பின்னி வுடணும்."