கவிழ்த்துப் பார்க்காத தட்டு

மாமல்லபுரத்தில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஜெயினுலாபுதீன், எந்தப் பீங்கான் தட்டு வந்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். அடியில் 'மேட் இன்' என்று ஒரு நாட்டின் பெயர் இருந்தால் வயது நூறு வருஷத்துக்குள்தான். மேலே கத்திக் கீறல் இருந்தால் துரைமார் மேசையில் கிடந்தது. நடுப்பூ மழுங்கியிருந்தால் கையால் பிசைந்து சாப்பிட்ட வீட்டுடையது. வாங்க வருகிறவரிடமும் இதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். பாதி வியாபாரம் அப்படியே படியிறங்கிப் போய்விடும்.

அவர் கவிழ்த்துப் பார்க்காத தட்டு ஒன்று வீட்டில் இருந்தது. இருநூறு வருஷத்துப் பரம்பரைச் சொத்து என்று மாமனார் நிக்காஹ் சபையில் சொல்லிப் பரிசளித்த பெரிய நீலப்பூத் தட்டு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்ததும் அவரும் மனைவி ஷஹர்பானுவும் அதில்தான் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். எப்போதும் அதை ஷஹர்பானுதான் கழுவி எடுத்து வருவாள். இந்த வெள்ளிக்கிழமை புது மருமகள் ஹம்னா கழுவினாள்.

"மாமா, இதுக்கு அடியில மேட் இன் ஜப்பான்னு போட்டுகீது. எந்தக் காலத்துத் தட்டு இது?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. ஜெயினுலாபுதீன் தட்டைக் கையில் வாங்கினார். கவிழ்க்கவில்லை. மழுங்கிப்போன நடுப்பூவை விரலால் தடவினார்.

"எரநூறு வருசம்," என்றார்.

ஷஹர்பானு வந்து தட்டில் சோற்றைப் போட்டாள்.

"கடையிலயும் இப்டி ஒரு தடவ சொல்லியிருந்தா, மாடி கட்டியிருக்கலாம்."