தராசுத் தட்டில் தாம்பூலம்

பரவை மார்க்கெட்டில் கீரைக்காரி ராக்கம்மாள் டீ குடிக்கப் போகும் சமயம் பார்த்து, அவள் கூடைமேல் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் மூட்டை தூக்கப் போய்விடுவார் சுருளி. யார் போர்த்தியது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. காய் வாங்கப் போன அவர் தங்கச்சி முத்துமீனாதான் ஒருநாள் கண்ணால் கண்டாள்.

அம்புட்டு நல்ல மனுஷன் வாயைத் திறந்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய புத்தகக் கடையே கதியென்று கிடந்து படித்தவர். உலகத்துக்கு அர்த்தம் என்று ஒன்று கிடையவே கிடையாது, எம்புட்டுக் கத்திக் கேட்டாலும் வானம் பதில் சொல்லாது என்பார். எல்லாம் வீண் என்று உட்கார்ந்துவிடுகிறவர் ஒரு ரகமாம். வீண் என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்குகிறவர் இன்னொரு ரகமாம். தான் இரண்டாவது ரகமாம். ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல எதற்கு மச்சான் இம்புட்டு மூச்சு என்று அவள் புருஷன் அருள்பாண்டி கேட்டுவிட்டால், அதற்கு ஒரு மணி நேரம் பதில் வரும். அவள் திருநீறு நீட்டினால் நெற்றியைக் காட்டுவார். பேச்சை மட்டும் நிறுத்தமாட்டார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அம்மன் அவளுக்கு ஒரு பெண்ணைக் கொடுத்தாள். வண்டியூர் மாரியம்மன் கோயிலில் காது குத்துவதாக நேர்த்தி. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தினால்தான் நேர்த்தி கழியும். கூடப்பிறந்தவரோ இவர் ஒருத்தர். சடங்கெல்லாம் வெறும் வேஷம் என்கிற ஆளுக்குத் தாம்பூலத் தட்டு எதற்கு என்று போனிலேயே நாளைச் சொல்லிவிட்டாள். சரி என்று வைத்தவர், அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை.

முந்தின நாள் பயந்துபோய் மார்க்கெட்டுக்கே ஓடினாள். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தாய்மாமனைத் தட்டு வைக்காமயா கூப்பிடுவாக?”

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. “நீதானண்ணே எதுலயும் அர்த்தமில்லைன்னு சொன்ன?”

“உலகத்துக்கு இல்லைன்னேன். எனக்கு இல்லைன்னா சொன்னேன்?”

இப்படி ஓர் அண்ணனைக் கொடுத்தாயே என்று அம்மனிடம் முறையிட்டுக்கொண்டே வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கினாள். தட்டு இல்லை. தக்காளிக் கடைத் தராசுத் தட்டைக் கெஞ்சி வாங்கி, அதில் வைத்து நீட்டினாள். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையைத் துண்டில் துடைத்து, எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கையில் பட்டுப்பாவாடையும் பொட்டுத்தோடுமாக முதல் ஆளாய் வந்து நின்றார். பிள்ளையின் காதில் ஊசி பட்டபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டவரும் அவர்தான்.

அடுத்த மாதமே மார்க்கெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. முத்துமீனா அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது காதுகுத்தன்று தெப்பக்குளம் பஸ் ஸ்டாப்பில்தான். இப்பவாவது அம்மனுக்குக் கண் இருக்கிறதென்று ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுப் படியில் ஏறியவர், திரும்பிச் சொன்னார்:

“பிள்ளை பெரியவளானா சடங்குக்கு ஓலைக் குச்சு கட்ட நாந்தான் வருவேன் தாயி. வேற எவனையும் கூப்பிட்டுறாத.”