இரண்டு பிரஷர்

எங்கள் வீட்டில் பிரஷர் என்றால் ஒன்றுதான். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்ப்பது. திருநெல்வேலியிலிருந்து புனேக்குப் பக்கத்தில் இருக்கும் சிஞ்ச்வட்டுக்கு வந்து முப்பது வருஷமாகியும், அந்த வார்த்தைக்கு இன்னோர் அர்த்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியதில்லை.

என் கணவருக்கு இடது கண்ணில் பிரஷர் கூடியிருக்கிறது என்று கண் டாக்டர் ஹிந்தியில் சொன்னார். தினமும் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். ரத்தக் கொதிப்புதான் கண்ணில் காட்டுகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவருக்குத்தான் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை ஓடுகிறதே. எனக்குத் தெரியாததா!

ஊறுகாயை நிறுத்தினேன். அப்பளத்தை நிறுத்தினேன். கறுப்பு சாக்லேட் பிரஷரைக் குறைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் அனுப்பினாள். எங்கள் அடுக்குமாடி சொசைட்டி வாசலில் இருக்கும் கடையில் வாங்கி, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பேன். இதில் போட்ட சர்க்கரையை எவன் தின்றான் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்பார்.

மூன்று மாதம் கழித்து, தெரு முனையில் இருக்கும் டாக்டர் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, பிரஷர் ஏக்தம் நார்மல், முழுக்கச் சரியாக இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சொட்டு மருந்து எரிகிறது என்று இவர் தினமும் புலம்புவார்.

"அதான் பிரஷர் எறங்கிட்டுல்லா, இனி எதுக்கு இந்த எரிச்சல்? விடுங்க," என்றேன்.

நான்தான் சொன்னேன். மருந்து பாட்டில் பிரிஜ் கதவில், சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. சாக்லேட்டை மட்டும் ஒரு நாளும் விடவில்லை.

வலி எதுவும் இல்லை. அதனால் யாரும் பயப்படவில்லை. சாப்பிடும்போது இடது பக்கம் இருக்கும் டம்ளரைத் தட்டிவிடத் தொடங்கினார். கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று கத்தினேன். பிறகு ஒரு நாள், கேட் ஓரம் நின்றிருந்த ஸ்கூட்டரில் நேராகப் போய் இடித்துக்கொண்டார்.

கண் டாக்டர் அவரை ஒரு கருவிக்கு முன்னால் உட்காரவைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வந்த காகிதத்தில் இடது கண் பெரும்பாலும் கறுப்பு. ரத்தத்தின் பிரஷர் வேறு, கண்ணின் பிரஷர் வேறு என்றார். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் தேங்கி நரம்பை அழுத்துகிறதாம். போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். சாக்லேட் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தின்னட்டும், அதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது என்றார். பிறகு, மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "மைனே ஹி பந்த் கியா." நான்தான் நிறுத்தினேன் என்று. தப்பும் தவறுமாக ஹிந்தி பேசுகிற மனிதருக்கு அன்று ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. என் மேல் கோபம்கூட வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னையே கிள்ளிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மெடிக்கலில் மருந்து வாங்கினேன், சீட்டை மடித்துப் பையில் வைத்தேன், ஆட்டோவில் ஏறினேன். பாதி வழியில்தான் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பொய்யா? முப்பது வருசம் கம்பெனில பிரஷர் மீட்டர் மாட்டினவன்ட்டி நான். ஒரு குழாய் லைன்ல எறங்குனா அடுத்த லைன்ல எறங்காதுன்னு எனக்குத் தெரியாதா? மருந்து எரிஞ்சுது. நீ சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு."



மறுநாள் சொட்டு மருந்தை நானே அவர் கண்ணில் விட்டேன். எரிகிறது என்று அவர் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கையை நீட்டினார்.

"சாக்லேட் எங்கட்டி? கண்ணுக்கு ஆகாட்டாலும் வாய்க்கு ஆகும்லா."

ஒரு துண்டு உடைத்து நீட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் உட்காருவது அவருக்கு இடது பக்கம். அவர் நேராகப் பார்த்தபடி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாக்லேட் என் விரலில் உருகத் தொடங்கியது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

எழுந்துபோய் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். இப்போது என் இடம் அதுதான்.