போகிக்குப் போன மெத்தைகள்

தணிகைவேல் அண்ணனைப் பாகூரில் பால் வண்டிக்காரர் என்றால்தான் தெரியும். காலையெல்லாம் பால் கேன்களோடு அல்லாடிவிட்டு மாலையில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பார். குழுவின் தலைவரும் அவரே. நான் தபேலா. ஒத்திகை பார்க்க இடமில்லாமல் திண்டாடிய எங்களுக்கு, சாமிநாதன் என்ற விவசாயி தன் வீட்டை ஒட்டிய பழைய உர குடோனை வாடகை வாங்காமல் திறந்துவிட்டார். ஓசியில் வந்த இடம், குறை சொல்ல வாயில்லை.

சொல்லாமலும் இருக்க முடியவில்லை. வெறும் சுவர், சிமெண்டுத் தரை, தகரக் கூரை. நான் ஒரு தட்டு தட்டினால் அறை அதை இரண்டு மூன்றாக்கித் திருப்பித் தரும். எங்கள் பாடகி ஆரோக்கியசெல்வி ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் முந்தின வார்த்தை திரும்பி வந்து அதன் மேல் விழும். தாளம் தவறினால் எல்லோரும் என்னைத்தான் முறைப்பார்கள். எரிச்சல் எரிச்சலாக வரும். கடலூர்க் குழு ஒன்று செல்வியை வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பொங்கலுக்குள் அறை சரியாகாவிட்டால் போய்விடுவேன் என்று அவள் நேராகவே சொல்லிவிட்டாள். அவள் போனால் எங்களை எவன் கூப்பிடுவான்?

அண்ணன் யூடியூப் பார்த்துச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினார். எதிரொலி இம்மியும் குறையவில்லை, எலிகளுக்குத்தான் கொண்டாட்டம். அடுத்து தெர்மாகோல். அதுவும் தண்டம். ஒரு நாள் சாமிநாதன் வீட்டுக் கிழிந்த பஞ்சு மெத்தை ஒன்று மூலையில் சாய்ந்து கிடந்தது. அந்த மூலையில் மட்டும் சத்தம் அடங்கியிருந்ததை அண்ணன் காது பிடித்துக்கொண்டது.

அது மார்கழி. போகிக்குக் கொளுத்தலாம் என்று வீட்டுக்கு வீடு கிழிந்த மெத்தையும் பாயும் சேர்ந்து கிடக்கும் நேரம். பால் எடுக்கப் போன வீடுகளிலெல்லாம் அண்ணன் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கினார். கயிறு கட்டிச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டோம். பார்க்கச் சகிக்காது, மூட்டைப்பூச்சி பயம் வேறு. ஆனால் அன்று செல்வி பாடியபோது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அவள் பாதியில் நிறுத்தினாள்.

"நானு எங்கியும் போகலண்ணே."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்.

பண்டிகைக்கு ஒத்திகையை நிறுத்தினோம். மாட்டுப் பொங்கலன்று மாலை குடோனைத் திறந்தால் சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. ஒரு மெத்தை இல்லை. சாமிநாதனின் மனைவி கனகாம்பாள் அக்கா தூக்கில் பொங்கலோடு சிரித்துக்கொண்டே வந்தார். எங்கள் மெத்தைகளைப் போகிக்குச் சேர்த்துவைத்த சாமான் என்று நினைத்திருக்கிறார். நாங்கள் மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று, போகியன்று விடியற்காலையில் தானே சுமந்துபோய்க் கொளுத்திவிட்டாராம்.

அவரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை. இப்போது கோபப்படவும் முடியாது, இடம் அவருடையது. ஊரே கொளுத்தி முடித்திருந்தது. அடுத்த போகி வரை ஒரு பழைய மெத்தை கிடைக்காது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டைத் திறந்தார். செல்வி ஒரு வரி பாடினாள். அறை அதை வாங்கி உருட்டி அவள் முகத்திலேயே எறிந்தது.

"இப்பதாம்பா கோயில்ல பாடுறாப்ல கணீர்னு இருக்கு," என்றார் கனகாம்பாள். "இத்தினி நாளும் அந்த அழுக்கு மெத்தைங்க பொண்ணு கொரல அமுக்கிப் போட்டுச்சு. கேக்கவே பாவமா இருந்துச்சு."

செல்வி அண்ணனைப் பார்த்தாள். தூக்கைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றவர், "ரொம்ப நல்லதுக்கா," என்றார்.

மூன்று நாள் கழித்து வந்த ஆற்றுத் திருவிழாவில் அவள் எங்களோடு பாடினாள், அதுவே கடைசி. மாசி மகத்துக்கு மணப்பட்டில் கடலூர்க் குழுவின் கச்சேரி. அண்ணனும் நானும் கடற்கரை மணலில் நின்று கேட்டோம். செல்வி பாடிய ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.