தீப்பொறி அக்கா தைத்த பை

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் பிரிவும் தையல் பிரிவும் ஒரே வராந்தாவில் எதிரெதிராக இருக்கின்றன. இப்படிக் கட்டச் சொன்ன புண்ணியவான் வாழ்நாளில் ஒரு பித்தான்கூடத் தைத்திருக்க மாட்டார். அந்தப் பக்கம் சுத்தியல் விழுந்தால் இந்தப் பக்கம் என் மாணவிகளின் தையல் கோணிக்கொள்ளும். பதினொரு வருடமாக நான் இங்கே தையல் ஆசிரியர். இதற்காக எதிர்ப் பிரிவில் மூன்று ஆசிரியர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். நான்காவதாக வந்தவர்தான் தீப்பொறி அக்கா.

பட்டப்பெயர் மாணவர்கள் வைத்தது. வெல்டிங்கில் பறக்கும் பொறியை வைத்து வந்த பெயர் என்று நினைத்தால் தவறு. அவருடைய நடை, பேச்சு, கோபம் மூன்றுக்கும் சேர்த்து வைத்தது. எப்போது பார்த்தாலும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல ஓட்டம்தான். கப்பல் கட்டும் தளத்தில் இருபத்திரண்டு வருடம் வெல்டர். அவர் போட்ட இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் முகம் தொங்கிப் போன ஆய்வாளர்களைப் பற்றி அவரே சொல்வார், வாரம் ஒரு முறை. இனிமேல் கப்பலுக்கு அடியில் போய் மண்டிபோட முடியாது என்று முழங்கால் சொல்லிவிட்ட பிறகு, ஆசிரியராக வந்தார்.

வேலை இரண்டு வருடத்துக்குத் தற்காலிகம். அது முடிவதற்குள் ஒரு மதிப்பீட்டாளர் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் கோட்டைவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் மதிப்பீட்டை நான் வராந்தாவிலிருந்து பார்த்தேன். வேடிக்கை பார்ப்பது என்னுடைய கெட்ட பழக்கங்களில் நல்ல பழக்கம். மாணவர்கள் எட்டுப் பேர். முதல் ஆள் ஹோல்டரைப் பிடித்து, அதில் மாட்டிய வெல்டிங் ராடை இரும்புத் தகட்டில் உரசினார். இரண்டு பொறி பறப்பதற்குள் அக்கா, "இப்படி இல்ல, தள்ளுங்க" என்று ஹோல்டரை வாங்கிவிட்டார். மீதியை அவரே போட்டார். அடுத்த ஆளிடமும் அதே. அதற்கடுத்த ஆள் பாவம், அவரே முன்கூட்டி ஹோல்டரை நீட்டிவிட்டார். மணி அடித்தபோது மேசையில் எட்டுத் தகடுகள் வரிசையாக மின்னின. எட்டும் அக்காவின் கைவண்ணம்.

மறுநாள் மதிப்பீட்டுக் காகிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார்.

"படிங்க தம்பி. பிரமாதம்னு போட்டிருக்காரு. அப்புறம் எப்படி ஃபெயில் ஆக்குவாரு?"

இரண்டே வரிதான் இருந்தது. ஆசிரியர் பிரமாதமாக வெல்டிங் செய்தார். மாணவர்கள் பார்த்தார்கள்.

"ரெண்டாவது வரியையும் படிங்கக்கா."

"படிச்சேன். கண்ணு பார்த்தா கை செய்யும்னு சொல்லுவாங்கல்ல? பாக்காம எப்படிச் செய்வாங்க?"

குரல் உரக்கத்தான் இருந்தது. ஆனால் காகிதத்தை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். இந்த அக்கா போய்விட்டால் எதிர்ப் பிரிவில் சத்தம் குறையும், நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும். படவில்லை.

பட்டறையிலிருந்து நேராக வகுப்புக்கு வந்த ஆசிரியர்களுக்கு உதவ எட்டு வாரத் திட்டம் ஒன்று இருந்தது. இரண்டாவது வாய்ப்பு வேண்டுமென்றால் அதில் சேர வேண்டும். கூடவே வேறு தொழில் ஆசிரியர் ஒருவர் துணைக்கு வேண்டும். முதல்வர் என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிவிட்டார். அறை பக்கத்தில் இருக்கிறதாம், அதுதான் காரணம்.

திட்டத்தை நடத்தியவர் முன்னாள் எலக்ட்ரீஷியன் ஒருவர். எங்களுக்கு அவர் நோட்டு சார். ஏனென்றால் முதல் நாள் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்துவிட்டு, நாலே வாக்கியத்தில் பயிற்சியை விளக்கிவிட்டார்.

"சனிக்கிழமை காலையில அவங்க உங்ககிட்ட தையல் கத்துக்கணும். மத்தியானம் நீங்க அவங்ககிட்ட வெல்டிங் கத்துக்கணும். எங்க மாட்டிக்கிட்டு முழிச்சீங்கன்னு இதுல எழுதுங்க. அப்ப உங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்க என்ன செஞ்சாங்கன்னும் எழுதுங்க."

"சார், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்றார் அக்கா.

"அதனாலதாம்மா வெறும் ஏடா குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

என் வெல்டிங் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சனிக்கிழமை நான் ராடைப் பிடித்தது மூன்று விநாடி. மிச்ச நேரமெல்லாம் அக்கா பிடித்தார். இந்த லட்சணத்தில் என் நோட்டில் எழுத என்ன இருக்கிறது?

அக்காவின் தையல் கதை நீளமானது. தலைக்கு மேலே நெருப்பைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்ற கை, ஒரு கைக்குட்டைத் துணியில் நேர்க்கோடு போட முடியாமல் தத்தளித்தது. மிதியை ஒரே மிதியாக மிதித்தார். மெஷின் பறந்தது, நூல் அறுந்தது. நான்கு முறை.

"மெஷின் சத்தத்தைக் கேளுங்கக்கா. அதுவே சொல்லும்."

"என்ன சொல்லும்?"

"சொல்லும்க்கா."

பதினொரு வருடமாக எல்லாரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை காலர் தைத்தோம். முனையில் திரும்பும்போது ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அமுக்கிப் பிடிக்கும் அழுத்துகாலைத் தூக்கி, துணியைத் திருப்ப வேண்டும். அக்கா ஊசியையும் சேர்த்துத் தூக்கிவிட்டார். முனை மொட்டையானது. பிரித்தோம். மறுபடி தூக்கினார். மறுபடி பிரித்தோம். மூன்றாவது முறை எனக்குப் பொறுக்கவில்லை. துணியை அவர் கையிலிருந்து வாங்கி, இறக்கி, தூக்கி, திருப்பி, நான்கு விநாடியில் முடித்து, "அவ்வளவுதான்க்கா" என்று நீட்டினேன்.

அக்கா வாங்கவில்லை. நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு கேட்டார்.

"இந்த முனையைத் தச்சது யாரு தம்பி?"

"நீங்கதான்க்கா. கடைசியில மட்டும் நான் லேசா…"

"நீங்கதான் தச்சீங்க. எனக்குக் கோவம்கூட வரல, வெக்கமாப் போச்சு. மொட்டையோ கோணலோ, அது என் காலர்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க வாங்கின ஒடனே உங்க காலர் ஆயிடுச்சு."

எனக்கு முகம் சூடானது. சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கண் எதிர்ப் பிரிவின் பக்கம் போனது. அங்கே அலமாரியில் அந்த எட்டுத் தகடுகளும் இன்னும் வரிசையாக இருந்தன.

"அப்ப அந்த எட்டுப் பேருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருடைய முதுகை என் மெஷினில் அவர் பார்த்தார். என்னுடையதை நானும் பார்த்தேன். எத்தனை மாணவிகளின் காலர்களை நான் இப்படி என்னுடையதாக்கியிருக்கிறேன் என்று அன்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பையைக்கூட இறக்கி வைக்காமல் ஓடி வந்தார்.

"தம்பி, நேத்து பொண்ணை முட்டை ஒடைக்கச் சொன்னேன்."

மகளுக்குப் பத்தொன்பது வயது. அதுவரை அந்த வீட்டு அடுப்பை அவள் பற்றவைத்ததில்லை. பற்றவைக்க அக்கா விட்டதில்லை.

"ஒடைச்சாளா?"

"ஓடு பாதி கிண்ணத்துல, பாதி தரையில. நான் கதவைக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அவங்க அப்பா வந்து பாத்துட்டு, உடம்பு சரியில்லையான்னு கேக்கறாரு. இருபது வருஷமா கிரேன் ஓட்டுற மனுஷன், வீட்ல ஒரு பல்பு மாட்ட நான் விட்டதில்லையாம். இதுதான் சமயம்னு அதையும் சொல்லிக் காட்டிட்டாரு."

சிரித்தோம். ஆனால் புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரிய வேண்டுமே. வகுப்பில் ராடு ஆடியதும் அவர் கை தானாகப் பாய்ந்தது. பின்னால் கட்டிப் பார்த்தார், அவிழ்ந்து வந்தது. சுத்தியலைப் பிடித்துப் பார்த்தார், சுத்தியலோடு பாய்ந்தது. மாணவர்கள் எட்டுப் பேரும் ஓர் அடி தள்ளியே நின்றார்கள்.

நான்காவது சனிக்கிழமை தன் தோல் ஏப்ரனை என் மேசையில் போட்டார்.

"இதுல கையைப் போட்டு வைக்க ஒரு பை தைக்கணும். என்னோட கடைசிப் பாடம் இதுதான்."

நல்ல யோசனை. நான் உற்சாகமாகச் சாக்கட்டியால் முன்பக்கம் ஒரு பையை வரைந்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"வெல்டருக்கு வெளிப்பை வச்சா பொறி உள்ள போயி குடித்தனம் நடத்தும் தம்பி. உள்பக்கம் வைக்கணும்."

உள்பக்கமே வைத்தார். மூன்று சனிக்கிழமை ஆனது. தடித்த ஊசி, தடித்த நூல், தடித்த தோல். ஊசி இரண்டு உடைந்தது. கோடு பாம்பாகப் போனது. நான் கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். முனை வந்தது. அக்கா மிதியிலிருந்து காலை எடுத்தார். ஊசியை இறக்கினார். அழுத்துகாலைத் தூக்கினார். தோலைத் திருப்பினார். முனை முனையாகவே இருந்தது.

"தம்பி, கேட்டுச்சு" என்றார். "ஊசி மழுங்கினா டொக்கு டொக்குனு குத்துது. நல்ல ஊசின்னா வழுக்கிக்கிட்டுப் போகுது. இதைத்தான சொன்னீங்க? ஏன் இப்படிப் பிரிச்சுச் சொல்லல?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஏப்ரனை அள்ளிக்கொண்டு எதிர் அறைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். அன்று மத்தியானம் முழுவதும் என் கையில்தான் ராடு இருந்தது. தூரமாகப் பிடி, ஒட்டினாற்போலப் பிடி, ராடு தடிமனுக்கு இடைவெளி விட்டுப் பிடி என்று அவர் சொல்லச் சொல்ல நான் பிடித்தேன், மூன்று சத்தத்தையும் இருவரும் நோட்டில் எழுதினோம். தோளெல்லாம் வலித்தது. வீட்டுக்குப் போகவே மனமில்லை.

இரண்டாவது மதிப்பீட்டு நாள் வந்தது. அதே மதிப்பீட்டாளர், அதே பேனா. பின்வரிசையில் நோட்டு சார். என் மாணவிகளுக்கு ஓரம் மடித்துத் தைக்கும் வேலையைக் கொடுத்துவிட்டு நான் வராந்தாவுக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர்களும் என் பின்னால் நின்றார்கள். போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கா முதலில் எட்டுப் பேரையும் முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். வேண்டாத தகடொன்றில் ராடைத் தூரமாகப் பிடித்தார். சீறியது. ஒட்டினாற்போலப் பிடித்தார். திணறி அடங்கியது. சரியான இடைவெளியில் பிடித்தார். காய்ந்த எண்ணெயில் போட்டதுபோல ஒரே சீராகப் பொரிந்தது. எது எது என்று அவர்கள் முதுகைக் காட்டியபடியே சொன்னார்கள். முதலில் தப்பு, பிறகு பாதி சரி, பிறகு எட்டுப் பேரும் சரி. அதற்குப் பிறகு ஹோல்டரைக் கீழே வைத்தார்.

"என் வேலை முடிஞ்சுது. இனிமே உங்க வேலை" என்று சொல்லி, இரண்டு கையையும் ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டார்.

நான்கு பேர் முடித்தார்கள். ஐந்தாவது, செக்யூரிட்டி. வங்கி வாசலில் ஒன்பது வருடம் காவல் நின்ற பெண், முப்பத்தாறு வயது, மதிப்பீட்டாளரைப் பார்த்ததிலிருந்தே அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. முகமூடியை இறக்கினார். ராடை உரசினார். ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. ராடு முழுவதும் சிவக்கத் தொடங்கியது.

அக்காவின் முழங்கை வெடுக்கென்று எழும்பியது. நூல் தெறிக்கும் சத்தம் எந்தக் கூச்சலிலும் எனக்குக் கேட்கும். பை கிழிகிறது. என் பக்கத்தில் நின்ற மாணவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். எடுத்துவிடாதீங்கக்கா, எடுத்துவிடாதீங்க என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கை வெளியே வரவில்லை. குரல்தான் வந்தது.

"என்ன சத்தம் கேக்குது?"

"பொரியவே இல்ல மேடம். உம்முனு இருக்கு."

"அப்படின்னா?"

"ரொம்பக் கிட்டப் போயிட்டேன்."

"என்ன செய்யப் போறீங்க?"

செக்யூரிட்டி செய்தே காட்டினார். ஹோல்டரை இடப்பக்கம் ஒரு முறுக்கு, வலப்பக்கம் ஒரு முறுக்கு. ராடு பிய்த்துக்கொண்டு வந்தது. புது ராடை மாட்டினார். உரசினார். சீறியது. கொஞ்சம் இறக்கினார்.

பொரிந்தது. ஒரே சீராகப் பொரிந்தது.

"அதேதான், அதேதான்" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். என் மாணவிகள் கை தட்டினார்கள். வெல்டிங் சத்தத்துக்குத் தையல் வகுப்பு கை தட்டியது இந்த வராந்தாவில் அதுதான் முதல் தடவை.

ஆறியதும் செக்யூரிட்டி சுத்தியலால் மேலே படிந்திருந்த கசடைத் தட்டி உதிர்த்தார். ஆரம்பம் கரடுமுரடு. அதன் பிறகு ஒரு விரல் நீளத்துக்கு ஒழுங்கான இணைப்பு. அழகென்று சொல்ல முடியாது. அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் போட்டது" என்று யாரிடமோ சொன்னார்.

மீதி மூன்று பேரும் முடித்ததும் மதிப்பீட்டாளர் காகிதத்தை அங்கேயே கிழித்துக் கொடுத்தார். இந்த முறை மூன்று வரி. ஆசிரியர் இன்று ஓர் இணைப்பும் போடவில்லை. மாணவர்கள் எட்டுப் பேரும் போட்டார்கள். நிரந்தரமாக்கலாம்.

நோட்டு சார் போகும்போது அக்காவின் நோட்டைக் கேட்டார். அடுத்து வருகிற ஆசிரியர்களுக்குப் படித்துக் காட்டவாம். அக்கா தரமாட்டேன் என்றார். அதில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ என்ற பயத்தில் நானும் தர வேண்டாம் என்றேன்.

எல்லாரும் போன பிறகு அக்கா என் அறைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. ஏப்ரனைக் கழற்றி மேசையில் விரித்தார். உள்பையின் ஒரு பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்து தொங்கியது. நான் வழக்கம்போல எட்டி அதை இழுத்தேன்.

"குடுங்கக்கா, ரெண்டு நிமிஷத்துல தச்சுத் தரேன்."

"கையை எடுங்க தம்பி" என்றார் அக்கா.

மெஷினில் உட்கார்ந்து, பழைய ஊசியைக் கழற்றித் தடித்த ஊசியை மாட்டினார். மாட்டிய விதம் தப்பு. என் சட்டையில் உள்பை கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு, அவரே கண்டுபிடிக்கிற வரைக்கும் நின்றேன்.